பிரமிடு கட்டி முடித்த பிறகுதான் வேலை

1893ஆம் ஆண்டு, கெய்ரோவுக்குத் தெற்கே அபூசீர் என்ற இடத்தில், பாலைமேட்டைக் கள்ளத்தனமாகத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய கிழிந்த சுருள்கள் சிக்கின. பழம்பொருள் வியாபாரிகள் வழியாக அவை துண்டு துண்டாக விலைபோய், பெர்லின், கெய்ரோ, லண்டன், பாரிஸ் என்று பல ஊர்களுக்குச் சிதறின. பிரெஞ்சு அறிஞர் பவுல் போஸனெர்-க்ரீஜெ அவற்றைப் பொருத்திப் படித்து, விரிவான விளக்கத்தோடு வெளியிட 1976 வரை ஆயிற்று. மந்திரம், சாபம், புதையலுக்கு வழி என்று எதையாவது எதிர்பார்த்துப் படிப்பவர் ஏமாந்துபோவார். இன்று இரவு யாருக்குக் காவல், எந்தக் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருக்கிறது, எவ்வளவு ரொட்டி வர வேண்டும், எவ்வளவு வந்தது, பாக்கி எவ்வளவு: எல்லாம் அலுவலகக் கணக்கு.

அந்த அலுவலகம் நெஃபெரிர்காரே என்ற ஐந்தாம் வம்ச அரசனின் பிரமிடுக் கோயில். அவன் ஆண்டது கி.மு. 25ஆம் நூற்றாண்டில். சுருள்களில் பெரும்பாலானவை அவன் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. அதாவது அரசன் போய் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின்னும் அவன் பெயரில் சரக்கு வந்துகொண்டிருக்கிறது, ஆட்கள் முறை மாறி வேலைக்கு வருகிறார்கள், எழுத்தர்கள் சரிபார்த்துக் குறித்து வைக்கிறார்கள்.

பிரமிடு என்றதும் எல்லோரும் கேட்பது கல்லைப் பற்றித்தான். எப்படி வெட்டினார்கள், எப்படி இழுத்தார்கள், எப்படி ஏற்றினார்கள். கூஃபு என்ற அரசனின் பெரிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள், முதலில் இருந்த உயரம் 146 மீட்டருக்கும் மேல் என்று கேட்கும்போது அந்தக் கேள்வி எழாமல் இருக்காது. ஆனால் கட்டுவது இருபது, முப்பது ஆண்டில் முடிந்துவிடும் வேலை. இறந்த அரசனுக்கு ஒரு நாளும் தவறாமல் படையல் போடுவது முடியாத வேலை. எகிப்தியர் உண்மையில் கட்ட முயன்றது அந்த இரண்டாவதைத்தான் என்பது என் கருத்து. கல் மலை அதன் ஒரு பகுதி.

வளாகத்தின் அமைப்பைப் பார்த்தாலே இது தெரியும். சுற்றுலாப் படங்களைப் போல மணல் நடுவே தனியாக நிற்கும் முக்கோணத்திலிருந்து தொடங்கக் கூடாது. நீர்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும். நைல் வெள்ளம் எட்டும் விளிம்பில், கால்வாய் வந்து சேரும் இடத்தில் ஒரு கோயில்: பள்ளத்தாக்குக் கோயில். அங்கிருந்து பாலைமேடு வரை கல் பாவிய நீண்ட நடைவழி. பல வளாகங்களில் இருபுறமும் சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்டது. நடைவழி ஏறி முடியும் இடத்தில், பிரமிடின் கிழக்கு முகத்தை ஒட்டி மேல் கோயில். அதற்குப் பின்னால்தான் பிரமிடு. பக்கத்தில் ஒரு குட்டிப் பிரமிடு, அரசிகளின் பிரமிடுகள், படகுகளைப் புதைத்த குழிகள். இவற்றோடு பூசகர்களும் ஊழியர்களும் குடியிருந்த ஒரு ஊர். பிரமிடு நகரம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்த ஊரை.

கீசாவில் கூஃபுவின் மகன் காஃப்ரேயின் வளாகத்தில் இந்தப் பாதையை இன்றும் கால்நடையாகவே தொடரலாம். பள்ளத்தாக்குக் கோயிலின் சுவர்கள் அஸ்வான் சிவப்புக் கருங்கல்; தரை வெண் சலவைக்கல் போன்ற அலபாஸ்டர். உள்ளே 23 சிலைகளுக்கான இடங்கள் இருக்கின்றன. பருந்து வடிவத் தெய்வமான ஹோரஸ் தலைக்குப் பின்னால் சிறகு விரித்து அணைத்திருக்க, அமர்ந்திருக்கும் காஃப்ரேயின் புகழ்பெற்ற சிலையை ஆகஸ்ட் மரியெட் 1860இல் கண்டெடுத்தது இங்கேதான். நடைவழி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்.

எல்லா வளாகமும் இப்படி இருக்கவில்லை. முதலாவதான ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடு, சக்காராவில், கி.மு. 27ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அது வடக்கு-தெற்காக நீண்ட பெரிய மதிலுக்குள் அடங்கிய உலகம். சுற்றிலும் 1,600 மீட்டருக்கு மேல் நீளும் மதிலில் வாசல் போலச் செதுக்கியவை 15. அவற்றில் திறந்திருப்பது ஒன்றே ஒன்று. உள்ளே அரசன் தன் ஆட்சியைப் புதுப்பித்துக்கொள்ளும் செட் விழாவுக்கான முற்றம்கூடக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். இறந்த பிறகும் விழா நடக்க வேண்டுமல்லவா. வடக்குப் பக்கம் ஒரு மூடிய சிற்றறையில் ஜோசரின் சிலை. கண் மட்டத்தில் இரண்டு துளைகள். படையல் நடப்பதை அவன் அங்கிருந்து பார்ப்பான். கூஃபுவின் தந்தை ஸ்நெஃபெரு காலத்தில் திசை மாறுகிறது: கோயில் கிழக்கே வருகிறது, நடைவழி நீரை நோக்கி இறங்குகிறது. சூரிய வழிபாடு ஓங்கியதன் அடையாளம் இது என்பது பரவலான விளக்கம். நீர்வழியாகச் சரக்கு வந்து இறங்க இதுவே வசதி என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

அந்த நீர்வழியைப் பற்றி நேரடிச் சாட்சி கிடைத்தது அண்மையில்தான். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியேர் தாலேயின் குழு 2013இல் கண்டெடுத்த பாப்பிரஸ்கள் கூஃபு காலத்தவை. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பழையவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தம் ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் கொண்டுவந்து இறக்கியதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். இன்று துராவில், இரவு படகில், நாளை கூஃபுவின் ஏரியில் என்று போகிறது பதிவு. கல் வந்த அதே கால்வாய்களில் பிறகு மாடும் தானியமும் வந்தன என்று நினைப்பதே பொருத்தம்.

இனி அரசனின் இறுதிச் சடங்கு. இந்தப் பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்து அரசன் ஒருவனின் சவ ஊர்வலத்தை முழுமையாகக் காட்டும் ஓவியமோ எழுத்தோ நம் கையில் இல்லை. துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். கீசாவில் கார் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், சவப்பெட்டி முதலில் தூய்மைச் சாலைக்கும் பிறகு பதப்படுத்தும் சாலைக்கும் போவதும், ஒப்பாரி வைக்கும் பெண்கள் உடன் வருவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்கு நடந்ததும் இதன் பெரிய வடிவமாக இருந்திருக்கும்.

பதப்படுத்த எழுபது நாள் என்று எல்லோரும் சொல்வது பிற்காலக் கணக்கு; கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸும் அதைத்தான் சொல்கிறார். பழைய காலத்தில் அது கட்டாயமில்லை. கூஃபுவின் பேத்தியான மூன்றாம் மெரெசாங்கின் கல்லறை வாசலில் இரண்டு தேதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன: அவள் இறந்து தூய்மைச் சாலைக்குப் போன நாள், கல்லறைக்குள் போன நாள். இடைவெளி ஏறத்தாழ 270 நாள்! இத்தனை மாதம் உடலை எப்படி வைத்திருந்தார்கள் என்பது ஒருபுறம் இருக்க, சடங்குக்கு அவசரமே இல்லை என்பது தெரிகிறது.

உடலைக் காக்கும் வித்தையே அப்போது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கூஃபுவின் தாய் ஹெதெப்ஹெரெஸின் புதைகுழியை அமெரிக்க அகழாய்வாளர் ரைஸ்னரின் குழு 1925இல் கண்டுபிடித்தது. சுமார் 27 மீட்டர் ஆழத்தில், தங்கத் தகடு போர்த்திய கட்டில், நாற்காலி, பல்லக்கு, வெள்ளி வளைகள். 1927இல் மூடி தூக்கிப் பார்த்தபோது அலபாஸ்டர் சவப்பெட்டி காலி. ஆனால் சுவர் மாடத்தில் நான்கு அறையாகப் பிரித்த அலபாஸ்டர்ப் பெட்டி ஒன்று முத்திரை கலையாமல் இருந்தது. உள்ளே உள்ளுறுப்புகளின் பொதிகள். சில அறைகளில் நேட்ரான் உப்புக் கரைசல் நாலாயிரத்துச் சொச்ச ஆண்டுகளுக்குப் பின்னும் வற்றாமல் நின்றது. உடல் எங்கே போனது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கரைசல். உறுப்புகளைத் தனியே எடுத்து உப்பில் காக்கும் வழக்கம் கூஃபு காலத்திலேயே அரச குடும்பத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

படகுகளிலும் இதே சிக்கல்தான். 1954இல் பெரிய பிரமிடின் தெற்குப் பக்கம் கமால் எல்-மல்லாக் கண்டெடுத்த குழியில் 1,224 துண்டுகளாக ஒரு தேவதாருப் படகு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அகமது யூசுஃப் முஸ்தஃபா பல ஆண்டு உழைத்துப் பூட்டிய பிறகு நீளம் 43 மீட்டருக்கு மேல் வந்தது. அரசனின் உடல் இதில்தான் வந்ததா, சூரியனோடு வானில் ஓட்டிச் செல்லவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. உடல் நடைவழியாகக் கோயிலுக்குள் புகுந்து போனதா, வெளியே சுற்றி வடக்கு வாசலுக்குப் போனதா என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. சில மேல் கோயில்களின் கதவுகள் அத்தனை குறுகல்; சவப்பெட்டியோடு ஊர்வலம் புகுந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

உள்ளே என்ன சொல்லப்பட்டது என்பதற்கு மட்டும் நல்ல சான்று உண்டு. ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசனான உனாஸின் பிரமிடு சக்காராவில் இருக்கிறது. உயரம் 43 மீட்டர்தான். கூஃபுவின் பக்கத்தில் வைத்தால் பொம்மை. 1881இல் அதற்குள் நுழைந்த காஸ்தோன் மாஸ்பெரோ கண்டது சுவர் முழுவதும் நெடுக்காகச் செதுக்கி நீல வண்ணம் நிரப்பிய எழுத்துகளை. கூரை முழுக்க நட்சத்திரங்கள். பிரமிடு உரைகள் என்று அழைக்கப்படும் இவை உனாஸில் இருநூறுக்கும் மேல். உலகின் மிகப் பழைய சமய இலக்கியத் தொகுதிகளில் ஒன்று. உனாஸ் செத்துப் போகவில்லை, உயிரோடுதான் போயிருக்கிறான் என்று ஒரு உரை அடித்துச் சொல்கிறது. இன்னொன்றில் அவன் தேவர்களையே பிடித்துக் கொன்று, சமைத்துத் தின்று, அவர்கள் ஆற்றலைத் தன்னதாக்கிக்கொள்கிறான். பிரபலமானது அதுதான், மேற்கோள் காட்டுபவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

சவ அறையின் வடக்குச் சுவரைப் படித்தால் வேறு குரல் கேட்கிறது. அங்கே இருப்பது படையல் சடங்கு. நீர் விடுதல், சாம்பிராணி காட்டுதல், இறந்தவன் உண்ணவும் பேசவும் வாயைத் திறந்து வைக்கும் சடங்கு, ஏழு வகைத் தைலம், துணி, பிறகு ரொட்டி, வெங்காயம், இறைச்சி, பீர், திராட்சை மது என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொரு பொருளையும் நீட்டும்போது, ‘ஒசிரிஸ் உனாஸே, ஹோரஸின் கண்ணை எடுத்துக்கொள்’ என்று பூசகர் சொல்ல வேண்டும். இறந்த அரசன் இறந்தோரின் கடவுளான ஒசிரிஸ்; படைக்கும் ஒவ்வொரு பொருளும் ஹோரஸின் கண். வரியின் அடியில் சிறு குறிப்பு: என்ன பொருள், எந்தப் பாத்திரம், எத்தனை. தேவர்களைத் தின்றவனுக்கும் பீர்ச் சாடியை எண்ணித்தான் வைத்தார்கள். ஆட்கள் ஒருநாள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பட்டியலையே கல்லில் வெட்டி உள்ளே வைத்துவிட்டார்கள் என்றுகூட எண்ணத் தோன்றும். எழுதிய சொல்லே பொருளாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மீண்டும் அபூசீர் சுருள்களுக்கு வருவோம். நெஃபெரிர்காரேயின் கோயிலில் காலையும் மாலையும் சடங்கு உண்டு. சிலையின் திரையை விலக்கி, கழுவி, உடுத்தி, நறும்புகை காட்டி, உணவு படைத்து, பிறகு புனித நீர் தெளித்தபடி பிரமிடைச் சுற்றி வர வேண்டும். கோயிலின் உள்ளே ஐந்து மாடங்களில் ஐந்து அரச சிலைகள்; நடுவில் இருப்பது ஒசிரிஸ் வடிவில். வேலை செய்பவர்கள் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றும் இரண்டு அரைப் பிரிவுகள். ஒரு அரைப் பிரிவுக்கு ஒரு மாத முறை. அப்படியானால் ஒருவருக்குப் பத்து மாதத்துக்கு ஒருமுறைதான் வேலை. மீதி மாதங்களில் அவரவர் தொழில், அவரவர் நிலம். முறை மாறும்போது கோயில் சாமான் பட்டியலைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். உடைந்தது, விரிசல் விட்டது, ஒட்டுப்போட்டது எல்லாம் பதிவாகும். பொறுப்பை அடுத்தவன் தலையில் கட்ட முடியாது.

சரக்கு எங்கிருந்து வந்தது? அரண்மனையிலிருந்தும், நெஃபெரிர்காரே கட்டிய சூரியக் கோயிலிலிருந்தும். இவற்றுக்குப் பின்னால் நாடெங்கும் அரசன் பெயரில் ஒதுக்கிய நிலங்கள். தாஷூரில் ஸ்நெஃபெருவின் கோயில் சுவரில் இந்த நிலங்களையே பெண் உருவங்களாகச் செதுக்கி, கையில் படையல் ஏந்தி வரிசையாக நடக்க விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு பண்ணை.

அரசன் சாப்பிட்ட பிறகு அந்த ரொட்டியும் இறைச்சியும் வீணாகவில்லை. படைத்தது முதலில் பூசகர்களுக்கு, பிறகு ஊழியர்களுக்கு, அங்கிருந்து அதிகாரிகளின் கல்லறைப் படையல்களுக்கும் பங்காகப் போகும். முறை வைத்துப் பூஜை செய்யும் குருக்களையும் நைவேத்தியம் பிரசாதமாகத் திரும்புவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் பெரிய மனிதர்களுக்கும் பிரமிடுக் கோயிலில் ஒரு பதவி வேண்டியிருந்தது. சக்காராவில் அருமையான சிற்பங்களோடு கல்லறை கட்டிக்கொண்ட தி என்ற அதிகாரி, நெஃபெரிர்காரே, நியூசெர்ரே என்ற இரு அரசர்களின் பிரமிடுகளுக்கும் மேற்பார்வையாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். பக்தியும் இருந்திருக்கும், பங்கும் இருந்தது.

அளவு சில நேரம் மலைக்க வைக்கிறது. நெஃபெரிர்காரேயின் மகன் ராநெஃபெரெஃப் இருபது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே இறந்தான். அவன் பிரமிடு முதல் அடுக்கோடு நின்று, சதுர மேடாக முடித்து வைக்கப்பட்டது. மிரோஸ்லாவ் வெர்னர் தலைமையிலான செக் குழு 1980களில் அங்கே தோண்டி, மண்செங்கல் கோயிலையும் இன்னொரு பாப்பிரஸ் தொகுதியையும் கண்டெடுத்தது. கோயிலை ஒட்டி ஒரு கசாப்புக்கூடம். ‘கத்தியின் கோயில்’ என்று அதற்குப் பெயர். ஒரு பத்து நாள் விழாவுக்கு நாளொன்றுக்கு 13 காளைகள் வெட்டப்பட்டதாகச் சுருள் சொல்கிறது. பிரமிடு முடியாமல் போன அரசனுக்கு 130 காளைகள். கல்லை விட்டுக்கொடுத்தார்கள், படையலை விட்டுக்கொடுக்கவில்லை.

சுருள்கள் பிழைத்ததற்கும் ஒரு முடியாத கட்டடம்தான் காரணம். நெஃபெரிர்காரே இறந்தபோது அவன் நடைவழியும் பள்ளத்தாக்குக் கோயிலும் முடியவில்லை. பின்னால் வந்த நியூசெர்ரே அந்த நடைவழியைத் தன் பிரமிடு பக்கம் திருப்பிக்கொண்டான். கீழே ஈரமான வெள்ளக்கரையில் இருக்க வேண்டிய பூசகர் குடியிருப்பு, மேலே வறண்ட பாலைமேட்டில், கோயிலை ஒட்டியே அமைந்துவிட்டது. அதனால் கணக்கும் அங்கேயே தங்கியது. மற்ற வளாகங்களின் கணக்குகள் வெள்ளத்தோடும் சேற்றோடும் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி இருந்தது. ஒவ்வொரு அரசனும் நிலத்தை ஒதுக்கிவிட்டுப் போகிறான். அடுத்தவன் அதைத் தொடக் கூடாது, தனக்குப் புதிதாக ஒதுக்க வேண்டும். தாஷூரில் கிடைத்த, ஆறாம் வம்ச அரசன் முதலாம் பெப்பியின் ஆணை ஒன்று, ஸ்நெஃபெருவின் இரண்டு பிரமிடு நகரங்களின் மக்களுக்கு அரச வேலைகளிலிருந்தும் வரிகளிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. ஸ்நெஃபெரு இறந்து அப்போது கிட்டத்தட்ட 300 ஆண்டு. பழைய அரசு கவிழ்ந்ததற்கு இந்த விலக்குகளைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. முழுப் பழியையும் இதன்மேல் போடுவது மிகை. வறட்சியும் மாகாண ஆளுநர்களின் செல்வாக்கும் சேர்ந்த கதை அது. ஆனாலும் செத்தவர்களுக்கு எழுதிவைத்த நிலத்தை வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் அரசன் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பான்?

கீழே என்ன நடந்தது என்பதற்குக் கீசாவில் மென்காவ்ரே என்ற அரசனின் பள்ளத்தாக்குக் கோயில் நல்ல உதாரணம். அவன் வளாகம் முடியும் முன்பே இறந்துபோனதால் மீதியை அவனுக்குப் பின் வந்த ஷெப்செஸ்காஃப் மண்செங்கல்லில் முடித்தான். பூசகர் குடும்பங்கள் மெல்ல மெல்லக் கோயிலுக்குள்ளேயே குடியேறின. ரைஸ்னர் தோண்டியபோது, முற்றத்தில் வீடுகளும் தானியக் குதிர்களும் நெருக்கியடித்திருந்த தடயங்கள் வெளிவந்தன. அதே மண்ணடியில்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் மென்காவ்ரேயின், மூவர் சேர்ந்து நிற்கும் அற்புதமான முச்சிலைகளும். அத்தனை நெரிசலுக்கும் நடுவில், உள்ளறையில், வழிபாடு ஆறாம் வம்சம் முடியும் வரை நடந்தது. காரணம் எளிது: வழிபாடு நடந்தால்தான் விலக்கும் நிலமும் கையில் நிற்கும்.

நடுவண் ஆட்சி சிதறியதும் எல்லாம் நின்றது. பிரமிடுகள் திறக்கப்பட்டன. கி.மு. 20ஆம் நூற்றாண்டில் லிஷ்ட்டில் பிரமிடு கட்டிய முதலாம் அமெனெம்ஹெத், கூஃபு, காஃப்ரே, உனாஸ் ஆகியோரின் கோயில்களிலிருந்து செதுக்கிய கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தன் கட்டடத்துக்குள் போட்டான். கல் கிடைக்காமல் எடுத்தானா, முன்னோர் பெருமையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள எடுத்தானா என்று இரு தரப்பும் வாதாடுகின்றன.

புதிய அரசுக் காலத்தில், கி.மு. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின், பிரமிடு அரசர்களுக்கு வேண்டாததாகிவிட்டது. உடல் தெற்கே தீப்ஸ் நகரின் மலையிடுக்கில், அரசர் பள்ளத்தாக்கில், ஒளிந்துகொண்டது. படையல் கோயிலோ மலைக்கு இந்தப் பக்கம், வயல் விளிம்பில், எல்லோரும் பார்க்க நின்றது. கல் மலையைக் கைவிட்டவர்கள் அலுவலகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் ராம்செஸின் ராமஸியம் கோயிலைச் சுற்றி மண்செங்கல் வளைவுக் கூரையோடு நீளநீளமான கிடங்குகள் இன்றும் நிற்கின்றன. இறந்த அரசனின் தானியம் அங்கே குவிந்தது. அரச கல்லறைகளைக் குடைந்த தேர் எல்-மதீனா என்ற ஊரின் தொழிலாளர்களின் கூலியும் இத்தகைய கிடங்குகளிலிருந்து வந்தது.

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அந்தக் கூலி வரவில்லை. தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு மலையிறங்கி, மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பிறகு ராமஸியத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, அரசனுக்கு எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னதைத் தூரின் நகரில் இருக்கும் பாப்பிரஸ் பதிந்து வைத்திருக்கிறது. அதிகாரிகள் இறங்கிவந்து, முந்தைய மாதத்துத் தானியத்தை அளந்து கொடுத்தார்கள். அடுத்த மாதக் கூலிக்கு அவர்கள் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.